ஹரிணிக்கு நான் வாங்கிக் கொடுத்த நற்சான்றிதழ்

1

இந்த மாதம் ஒரே நாளில் இரண்டு கடிதங்கள். முதலாவது, நான் வேலை செய்யும் பல்கலைக்கழகத்திலிருந்து. நான் அங்கே சேர்ந்து இருபது வருடம் முடிந்துவிட்டதாம். வாழ்த்து அட்டையோடு, கோட்டில் குத்திக்கொள்ள ஒரு சின்ன வெள்ளி நிறப் பின்னும் வைத்திருந்தார்கள். அட்டையில் என் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. இருபது வருடமாக அவர்கள் விடும் அதே எழுத்துதான் என்பதால் அதற்கு நான் கோபப்படவில்லை.

கோபம் வந்தது இரண்டாவதைப் பார்த்து. அது எனக்கு வந்த கடிதம் இல்லை. ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் தம்பி சம்பத்தின் மகள் ஹரிணிக்கு வந்தது. செல்போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். அவளுக்கு விசா கிடையாது என்று இந்த நாட்டின் விசா அலுவலகம் எழுதியிருந்தது. ஏன் கிடையாது என்பதற்கு அவர்கள் சொன்ன காரணத்தை நின்றுகொண்டு ஒரு முறை படித்தேன், உட்கார்ந்து ஒரு முறை படித்தேன். இரண்டு வாரமாகிவிட்டது. கோபம் இறங்கட்டும், நிதானமாக எழுதலாம் என்று பார்த்தேன். இறங்குகிற மாதிரி தெரியவில்லை, அதனால் இப்படியே எழுதுகிறேன்.

நாட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வடக்கே இருக்கிறது, வருடத்தில் எட்டு மாதம் கோட்டு போட வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரிய தப்பு வராது.

2

ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் "யுனிவர்சிட்டியில இருக்கேன்" என்பேன். பொய்யில்லை. பேராசிரியை என்று அவர்களாக நினைத்துக்கொண்டால் நான் திருத்துவதும் இல்லை. உண்மையில் நான் சாவிப் பிரிவில் இருக்கிறேன். எந்தக் கதவு யாருடைய அட்டைக்குத் திறக்க வேண்டும், எந்த லிஃப்ட் நின்றுவிட்டது, யார் அறையைப் பூட்டிக்கொண்டு சாவியை உள்ளே வைத்துவிட்டார்கள், இதெல்லாம் என் மேஜைக்கு வரும். என் கணவருக்கு வேறு ஊரில் வேலை. எங்கள் ஒரே பையன் கௌதம் இதே பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறான். மாணவர் விடுதியில் இருக்கிறான், சனிக்கிழமை துணி துவைக்க வீட்டுக்கு வருவான்.

ஹரிணி திருச்சியில் சிவில் முடித்தவள். ஆற்றில் அடித்து வரும் மணலும் வண்டலும் எங்கே போய்த் தங்குகிறது, ஏன் தங்குகிறது என்று படிக்கிற மேற்படிப்புக்கு இங்கே அவளுக்கு இடம் கிடைத்தது. செப்டம்பரில் வகுப்பு. ஆகஸ்ட் முடிந்தும் விசா வரவில்லை. பரிசீலனையில் இருக்கிறது, பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரே பதில். அப்போதுதான் அவளுடைய துறையில் ரோபோ என்று ஒரு வழி சொன்னார்கள்.

சினிமாவில் வருகிற ரோபோவை நினைத்துக்கொள்ளாதீர்கள். அடியில் சக்கரம், நடுவில் ஒரு கம்பு, உச்சியில் ஒரு டேப்லெட், அவ்வளவுதான். ஸ்ரீரங்கத்தில் ஹரிணி லேப்டாப் முன்னால் உட்கார்ந்து அம்புக்குறியை அழுத்தினால் இங்கே கம்பு நகரும். டேப்லெட்டில் அவள் முகம் தெரியும், அவள் பேசுவது கேட்கும், இங்கே நடப்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் இந்த ஏற்பாடு ஒரே ஒரு பருவத்துக்கு. இரண்டாம் பருவம் முழுக்க ஆற்றங்கரையில் வேலை, அதற்கு மாணவர் நேரில் வந்தே ஆக வேண்டும், வராவிட்டால் இடம் ரத்து. இது எழுத்தில் இருந்தது.

ஹரிணி தயங்கினாள். "நேர்ல வந்தே சேர்ந்துக்கறேனே அத்தை, அடுத்த வருஷம்னாலும் பரவாயில்ல" என்றாள். "அதெல்லாம் வேணாம், நாலு மாசம்தானே, கிடைச்ச இடத்தை விடாதே" என்று அவளைப் பிடித்துத் தள்ளியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

3

முதல் நாள் அந்தக் கம்பு தாழ்வாரத்தில் உருண்டு வந்து என் மேஜைமுன் நின்று "அத்தை, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருடத்தில் என் வேலையிடத்தில் யாரும் என்னை அந்தக் கேள்வி கேட்டதில்லை. ஒரு வாரம் நான் எல்லோரிடமும் என் தம்பி மகள் வந்திருக்கிறாள் என்று சொல்லித் திரிந்தேன். வந்திருக்கிறாளாம்!

அந்தக் கம்புக்குக் கை இல்லை. கதவைத் தள்ளாது, லிஃப்ட் பொத்தானை அழுத்தாது. இந்த நாட்டுக் கதவுகள் ஒவ்வொன்றும் ஆஸ்பத்திரிக் கதவு கனம். வகுப்பு முடிந்ததும் மற்ற பிள்ளைகள் பேசிக்கொண்டே போவார்கள், கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், ஹரிணி கதவுக்கு முன்னால் நிற்பாள். பிறகு என் மேஜைக்கு அழைப்பு வரும். நான் போய்த் திறப்பேன். ஒரு நாள் நான் விடுப்பில் இருந்தேன். அன்று பேட்டரி தீர்ந்து தாழ்வாரத்திலேயே நின்றுபோன ரோபோவை, வழியில் இருக்கிறது என்று துப்புரவு அறைக்குள் தள்ளி வைத்துவிட்டார்கள். யாரோ சார்ஜில் மட்டும் சொருகியிருக்கிறார்கள். மறுநாள் மதியம் ஒன்றரைக்கு, இங்கே காலை ஒன்பது, ஸ்ரீரங்கத்தில் ஹரிணி லேப்டாப்பைத் திறந்தால் எதிரே துடைப்பங்கள். "அத்தை, இன்னிக்கு கிளாஸ் எங்கயோ மாத்திட்டாங்க போல இருக்கு" என்று சிரித்துக்கொண்டே போன் செய்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குளிர் தொடங்கியதும் வகுப்புப் பிள்ளைகள் ரோபோவின் தலையில் ஒரு கம்பளிக் குல்லாய் மாட்டிப் படம் எடுத்துப் போட்டார்கள். துறை முழுக்க அதற்கு ஆஹா ஓஹோ. பேசும்போது குனிந்து, குழந்தையிடம் பேசுகிற குரலில் பேசுவார்கள். ஒருத்தி, ஹரிணி ஒரு சந்தேகம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, சத்தம் அதிகமாக இருக்கிறது என்று டேப்லெட்டின் ஒலியைக் குறைத்துவிட்டாள். பேசிக்கொண்டிருக்கிற ஒரு மனுஷியின் குரலைக் கை நீட்டிக் குறைப்பதற்கு என்ன துணிச்சல் வேண்டும்! அவள் நல்ல பெண்தான், எனக்குத் தெரியும். தான் செய்தது இன்னதென்று அவளுக்கே தெரியாது.

வண்டலை ஈரமாக்கிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்து, நாடா மாதிரி நீட்டிப் பார்த்து, அதில் மணல் எவ்வளவு, களி எவ்வளவு என்று சொல்கிற பயிற்சி ஒன்று உண்டு. அவர்கள் படிப்பில் அதுதான் அரிச்சுவடி. எல்லோரும் கையை அழுக்காக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஹரிணியிடம் "நீ பார்த்துக்கொண்டிரு" என்று சொல்லிவிட்டார்கள். அவள் சும்மா இருப்பாளா? கொள்ளிடத்துக்குப் போய் ஒரு டிபன் பாக்ஸ் நிறைய வண்டல் அள்ளி வந்து, வீட்டில் தேய்த்து, விரலைக் கேமராவிடம் காட்டினாள். பேராசிரியர் "அருமை" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். குறிப்பேட்டில் அவள் பெயருக்கு எதிரே பார்வையாளர் என்றுதான் எழுதினார்கள்.

இத்தனைக்கும் அவள் ஒரு வகுப்பைக்கூட விடவில்லை. மாதாந்திர மின்தடை என்று பேப்பரில் போட்ட நாட்களில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி மன்னார்புரத்தில் தோழி வீட்டுக்குப் போனாள். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் ஊரே நிரம்பி நெட்வொர்க் படுத்துவிட்ட நாட்களிலும் மன்னார்புரம்தான். கூட்டத்தை நீந்திக் கடந்து பஸ்ஸைப் பிடிக்க வீட்டிலிருந்து ரெண்டு மணி நேரம் முன்னாலேயே கிளம்பினாளாம். இங்கே யாருக்கும் இது தெரியாது. அவளும் சொல்லவில்லை. இந்த ஊர் ஒன்பது மணிக்கு முகம் கழுவிப் பொட்டு வைத்து டேப்லெட்டில் சிரித்துக்கொண்டு நின்றாள்.

4

டிசம்பரில் விசா அலுவலகம் கூடுதலாக ஓர் ஆவணம் கேட்டது. படிப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று துறையிலிருந்து ஒரு கடிதம் வேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தம்பி சம்பத் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். பள்ளியை விட்டுப் போகும் பிள்ளைகளுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் அடித்துக் கொடுப்பது அவன் வேலை. அவன் வீட்டு பீரோவில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தடித்த ஃபைல் இருக்கிறது. எல்.கே.ஜி.யில் ஸ்பூனில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு ஓடிய சான்றிதழ் முதல் ஹரிணியின் எல்லாமே அதில் இருக்கும். ஃபைல் கனமாக இருந்தால் காரியம் நடக்கும் என்பது அவன் நம்பிக்கை. என் நம்பிக்கையும்தான். நம் ஊரில் யாரிடம் கடிதம் கேட்டுப் போனாலும் கையைக் கட்டிக்கொண்டு "கொஞ்சம் நல்லா எழுதிக் குடுங்க சார்" என்று கேட்கத்தானே நாம் பழகியிருக்கிறோம்.

ஹரிணியின் பேராசிரியர் நாலு வரி எழுதிக் கொடுத்தார். இன்ன மாணவி இந்தப் படிப்பில் பதிவு செய்திருக்கிறார். விசா தாமதத்தால் தற்காலிகமாக ரோபோ வழியாகக் கலந்துகொள்கிறார். செய்முறைப் பயிற்சிகளில் அவரால் முழுமையாக ஈடுபட முடியவில்லை. இரண்டாம் பருவத்துக்கு நேரில் வருவது அவசியம். அவ்வளவுதான், கீழே கையெழுத்து.

அதைச் சம்பத்துக்கு அனுப்பினேன். அவன் உடனே கூப்பிட்டான்.

"என்னக்கா இது, செத்த கடிதமா இருக்கு? ஈடுபட முடியலன்னு வேற போட்டிருக்காரு. கரும்புள்ளி மாதிரி இருக்கே. நீ அங்கதானே இருக்க, நேர்ல போய் கொஞ்சம் நல்லா எழுதித் தரச் சொல்லேன்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. மறுநாள் பேராசிரியர் அறைக்குப் போனேன். அவருக்கு நான் சொன்னது புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. இருப்பதைத்தானே எழுதியிருக்கிறேன், வேறு என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் தட்டச்சு செய்தார். ஒரு வகுப்பையும் தவறவிட்டதில்லை. மற்ற மாணவர்களுக்கும் அவருக்கும் எந்த வேறுபாடும் இல்லை. தூரம் அவருக்கு ஒரு தடையே இல்லை. எல்லாச் செயல்பாடுகளிலும் முழுமையாகப் பங்கேற்கிறார். கரும்புள்ளி வரியை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்தார். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டது, ஒரே பக்கமாக இருந்தால் நல்லது என்று கடைசி வரியை, நேரில் வருவது அவசியம் என்ற வரியை, அவர் எடுத்தார். அது விதியிலேயே இருக்கிறதே என்றார். நானும் தலையாட்டினேன்.

சம்பத் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு "இதுதான்க்கா சர்ட்டிபிகேட்டு" என்றான். அன்றே ஒரு பிரதி எடுத்து ஃபைலில் போட்டுவிட்டான்.

விசா அலுவலகத்தின் மறுப்பில் சொல்லியிருந்தது இதுதான். விண்ணப்பதாரர் தான் இருக்கும் இடத்திலிருந்தே படிப்பில் முழுமையாகப் பங்கேற்கிறார் என்று பல்கலைக்கழகமே சான்றளித்திருக்கிறது. தூரம் தடையில்லை என்றும் குறிப்பிட்டிருக்கிறது. ஆகவே அவர் நேரில் வரவேண்டிய தேவை நிறுவப்படவில்லை.

நான் சொல்லிச் சொல்லித் தட்டச்சு செய்ய வைத்த வரிகள். ஒரு சொல் மாறவில்லை.

5

இந்த ஊரில் விசா அலுவலகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே ஒரே ஒரு டிராம் நிறுத்தம். நடந்தே போய்விடலாம். நான் அந்த ஒரு வாரத்தில் எத்தனை தடவை நடந்தேன் என்று என் முழங்காலைத்தான் கேட்க வேண்டும்.

விசா அலுவலகத்தில் சொன்னார்கள்: வீட்டிலிருந்தே படிக்க முடிகிறதே, எதற்கு வர வேண்டும்? பல்கலைக்கழகத்தில் சொன்னார்கள்: வீட்டிலிருந்து படிக்க முடியாது, வந்தே ஆக வேண்டும், பிப்ரவரி கடைசிக்குள் வராவிட்டால் இடம் ரத்து. அங்கே போய் இவர்கள் விதியைக் காட்டினேன். அது பொது விதி, இந்த மாணவியைப் பற்றிய கடிதம் வேறு சொல்கிறதே என்றார்கள். இங்கே வந்து, அப்படியானால் அவளைப் பற்றி இன்னொரு கடிதம் கொடுங்கள் என்றேன். ஒரே மாணவிக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கடிதம் தர முடியாது என்றார்கள். யாரும் குரல் உயர்த்துவதில்லை. எல்லோரும் புன்னகைக்கிறார்கள். நம் ஊர் ஆபீஸில் ஒருவர் எரிந்து விழுந்தாலாவது எதிரே ஒரு ஆள் இருக்கிறார் என்று தெரியும், நாமும் திருப்பிக் கத்தலாம். இங்கே கத்தினால் நான்தான் பைத்தியம்.

கத்தவும் செய்தேன். எனக்குப் பதற்றம் வந்தால் இவர்கள் மொழி என் வாயில் கல்லாகிவிடும். கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் உத்தரவிடுகிறேன் என்று வந்துவிடும். விசா அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் இருந்த இளம் பெண், ஊழியர்களிடம் மரியாதையாக நடந்துகொள்ளவும் என்ற பலகையை விரலால் தொட்டுக் காட்டினாள். கோட்டில் இருபது வருடப் பின்னைக் குத்திக்கொண்டு போயிருந்தேன், ஏதாவது மதிப்பு இருக்குமோ என்று. வெட்கக்கேடு.

ஆனாலும் அவள்தான் ஒரு வழி சொன்னாள். மூன்று வாரத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். ரோபோ வழியாக ஹரிணிக்கு உண்மையில் என்னென்ன முடியவில்லை என்று அவளே எழுதித் தரலாம். ஆனால் அது மட்டும் போதாது. பல்கலைக்கழகத்தில் அதை நேரில் பார்த்த ஒருவராவது உண்மைதான் என்று கையெழுத்துப் போட வேண்டும். விண்ணப்பத்தில் பொறுப்பாளராக என் பெயர் இருப்பதால் நான் போட முடியாது.

பேராசிரியரிடம் போனேன். அவர் வருத்தப்பட்டார், உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு சொன்னார், நீங்கள் கேட்டதைத்தானே எழுதினேன். அதோடு, ரோபோத் திட்டத்தின் அறிக்கையில் அதே வரிகளைச் சேர்த்து மேலே அனுப்பிவிட்டாராம், இப்போது மாற்றிச் சொன்னால் நன்றாக இருக்காதாம். ஹரிணியின் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேரிடம் கேட்டேன். ஒலியைக் குறைத்த பெண் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, எங்களுக்கு ஹரிணி என்றால் உயிர், அவளை நாங்கள் ஒருபோதும் ஒதுக்கியதில்லையே என்றாள். அவள் கண்ணில் நீர். அதற்குமேல் நான் என்ன கேட்பது?

6

"அவளைப் பத்தி அவளே கெட்டதா எழுதிக் குடுக்கறதா? நல்லா இருக்கே நியாயம்!" போனில் சம்பத் கொதித்தான். "இத்தனை வருஷத்துல எத்தனை பிள்ளைங்களுக்கு அடிச்சுக் குடுத்திருப்பேன் நான். பரீட்சையில பிட்டு அடிச்சு மாட்டினவனுக்குக்கூட 'குட்'னுதான் போட்டேன், பாவம், அவன் பொழைக்கட்டும்னு. எம் பொண்ணுக்கு முடியல, தெரியல, வரலன்னு ஊர் பேர் தெரியாத ஆபீஸுக்கு எழுதித் தரணுமாக்கா?"

"சம்பத், நீயும் நானும் நல்லா எழுதி வாங்கித்தான் இந்தக் கதி" என்றேன். கடுமையாகச் சொல்லிவிட்டேன்.

ஹரிணி போனை வாங்கினாள். "அப்பா சொல்றதை விடுங்க அத்தை. நான் எழுதறேன். நாலு மாசமா எல்லாரும் கேக்கும்போதெல்லாம் ஐ ஆம் ஃபைன், ஐ ஆம் ஃபைன்னு சொல்லிட்டே இருந்தேன். ஃபைனா இல்லன்னு சொல்ல ஒரு சான்ஸ் கிடைச்சிருக்கு."

பின்னால் சம்பத்தின் குரல் கேட்டது. "எழுதும்மா. ஆனா எனக்குப் படிக்கக் காட்டாதே."

7

ஹரிணி ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினாள், ஆறு பக்கம். விசா அலுவலகத்துக்கு இவர்கள் மொழியில் வேண்டும். நான் சனிக்கிழமை காலை உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். இந்த வீட்டிலிருந்து வெளியே போகிற எந்தக் கடிதமும் கௌதம் திருத்தாமல் போகாது. ஒன்பது வயதிலிருந்து அவன்தான் எனக்குத் திருத்துகிறான். நான் தமிழில் பேசுவேன், அவன் இவர்கள் மொழியில் பதில் சொல்வான். ஹரிணி ரோபோவில் வர ஆரம்பித்ததிலிருந்து "உன் மாமா பொண்ணுடா, ஒரு தடவை போய்ப் பாரு" என்று வாரம் தவறாமல் சொன்னேன். பார்க்கிறேன், பார்க்கிறேன் என்பான்.

துடைப்ப அறை, கதவுகள், வண்டல், குல்லாய் எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். எனக்குத் தெரியாததும் நிறைய இருந்தது. காபி அறை வாசலில் இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு படி இருக்கிறதாம். அதை ரோபோவால் ஏற முடியாதாம். நாலு மாதமும் இடைவேளைகளில் அவள் அந்தப் படிக்கு வெளியே நின்று உள்ளே நடக்கும் பேச்சைக் கேட்டிருக்கிறாள். அடுத்த பருவத்துக்கு யார் யாரோடு சேர்ந்து ஆற்றில் வேலை செய்வது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகியிருக்கிறது. எந்தக் குழுவிலும் அவள் பெயர் இல்லை. தினம் என் மேஜைமுன் வந்து சாப்பிட்டீர்களா என்று கேட்டவள் இதில் ஒன்றையும் என்னிடம் சொல்லவில்லை.

கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது. "அக்டோபரில் ஒரு நாள் நூலகத் தாழ்வாரத்தில் என் அத்தை மகன் எதிரே வந்தான். இந்தப் பல்கலைக்கழகத்தில் எனக்கு இருக்கும் ஒரே உறவுப் பையன் அவன். நான் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், நான் ஹரிணி என்று தமிழில் சொன்னேன். அவன் நண்பர்களோடு பேசிக்கொண்டு வந்ததால் என்னைக் கவனிக்கவில்லை, கடந்து போய்விட்டான். அவன்மேல் தவறில்லை. திரும்பி அவன் பின்னால் போவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. நேரில் இருந்திருந்தால் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பேன்."

அதை ஒரு வரி விடாமல் மொழிபெயர்த்தேன். பிறகு துணி மூட்டையோடு வந்து சோபாவில் உட்கார்ந்திருந்த கௌதமின் மடியில் ஆறு பக்கத்தையும் போட்டேன். "திருத்து" என்றேன். வேறு எதுவும் சொல்ல என் வாய்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

அவன் எப்போதும்போலப் பேனாவோடு ஆரம்பித்தான். வேகமாகத் திருத்திக்கொண்டு போனான். கடைசிப் பக்கத்தில் பேனா நின்றது. வாஷிங் மெஷின் ஒரு சுற்று முடிந்து மறு சுற்று தொடங்கிவிட்டது, அவன் அசையவில்லை. பிறகு குனிந்து எதையோ அடித்தான், எழுதினான், தாளை என்னிடம் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னைக் கவனிக்கவில்லை" என்ற இடத்தை அடித்திருந்தான். மேலே, "என்னைப் பார்த்தான். நண்பர்கள் முன்னால் அந்தக் கருவியோடு பேச வெட்கப்பட்டுப் பார்க்காததுபோலப் போனான்" என்று எழுதியிருந்தான். அவன்மேல் தவறில்லை என்ற வரியையும் அடித்திருந்தான். கடிதத்தின் அடியில், "இந்த உறவினன் நான்தான். இது நடந்தது. துடைப்ப அறையில் ரோபோ நின்றதை ஒரு நாள் பார்த்தேன், கதவுகளுக்கு முன்னால் அது காத்திருந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு முறையும் கதவைத் திறந்துவிட்டதில்லை" என்று எழுதி, பெயர், மாணவர் எண், கையெழுத்து போட்டிருந்தான்.

அவனை ஓங்கி ஒன்று அறைய வேண்டும்போல் இருந்தது. இருபது வயதுப் பிள்ளை, என்னைவிட ஒரு முழம் உயரம். பெற்றவள் தினமும் நூறு பேருக்குக் கதவு திறந்துவிடுகிறாள், பிள்ளை இப்படி. நாலு மாதம் யார் யார் மேலோ கோபப்பட்டுக்கொண்டிருந்தேன், அதெல்லாம் என் வீட்டு சோபாவில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆனால் அந்தக் கட்டடத்தில் அத்தனை படித்தவர்களில் கையெழுத்துப் போட்டவன் இவன் ஒருவன்தான். அறையவில்லை.

இது ஹரிணியின் கடிதம். அவள் எழுதாத வார்த்தையை அவளைக் கேட்காமல் எப்படி அனுப்புவது? போன் செய்தேன். தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டதால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன். கௌதம் திருத்தியதை வரிவரியாகத் தமிழில் சொன்னேன்.



"அனுப்பிடுங்க அத்தை" என்றாள். பிறகு சொன்னாள்: "எனக்குத் தெரியும். என் ஸ்கிரீன்ல அவன் மூஞ்சி நல்லாத் தெரிஞ்சுது. என்னைப் பார்த்துட்டுத்தான் திரும்பிக்கிட்டான். அவன் பேரு கெட்டுப்போகக் கூடாதேன்னுதான் அப்படி எழுதினேன்."

கௌதம் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அவனுக்குத் தமிழ் பேசத்தான் வராது. நன்றாகப் புரியும்.